கறுப்பு அம்பாசடரும் விடியற்கால வானமும்: ஒரு படப்பிடிப்புக்குக் கார் தயாரான விதம்

கோவையில் பம்ப் செட் தயாரிக்கும் குடும்பம் ஒன்று தங்கள் நிறுவனத்தின் பொன்விழா மலரை அச்சடிக்க இருந்தது. நிறுவனர் 1970களின் தொடக்கத்தில் வாங்கிய கறுப்பு அம்பாசடர் மார்க் 2 இன்னும் அவர்கள் வீட்டில் ஓடும் நிலையில் இருக்கிறது. மலரின் அட்டைக்கும், உள்ளே இரண்டு பக்கம் விரியும் படத்துக்கும் அந்தக் கார்தான் என்று முடிவு செய்திருந்தார்கள். காரைப் படத்துக்குத் தயார் செய்யும் வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது.

காரைக் கழுவி, கீறல் நீக்கி, பாலிஷ் போட்டுத் தயார் செய்வதை டீடெய்லிங் என்போம். வழக்கமாகச் செய்யும் டீடெய்லிங்குக்கும் கேமராவுக்காகச் செய்யும் டீடெய்லிங்குக்கும் உள்ள வித்தியாசம் இந்த வேலையில் ஒவ்வொரு கட்டத்திலும் தெரிந்தது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். வாசலில் நிற்கும் காரை மனிதர்கள் சுற்றி நடந்து பார்க்கிறார்கள். ஒரு கோணத்தில் கீறல் தெரிந்தாலும் அடுத்த அடி வைக்கும்போது அது மறைந்துவிடும். கேமரா ஓரிடத்தில் நின்று ஒரு வெளிச்சத்தில் பார்த்ததைக் காகிதத்தில் நிறுத்திவிடுகிறது. அந்த வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்காமல் பாலிஷ் மெஷினை எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்தக் காரில் அந்த ஒரு கேள்விதான் பாதி வேலையைத் தீர்மானித்தது.

கார் வந்த நிலை

மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரின் மூன்றாம் சீரிஸிலிருந்து வந்த உடம்பு இது. நேரான தகடு என்று சொல்ல அதிகம் கிடையாது. முன் ஃபெண்டர் (சக்கரத்தை மூடும் தகடு), பானெட், கூரை எல்லாமே வெளிப்பக்கம் புடைத்த வளைவுகள். புடைத்த பரப்பு சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் சுருக்கித் தனக்குள் காட்டும். தட்டையான கதவில் எதிரே இருக்கும் ஒரு மரம் தெரிந்தால், அம்பாசடரின் ஃபெண்டரில் வானமும் சாலையும் போட்டோகிராஃபரும் அவருடைய டிரைபாடும் சேர்ந்து தெரியும். போதாததற்குக் கறுப்பு நிறம். கறுப்பு காரைப் படம் எடுக்கிறோம் என்றால், அதில் பிரதிபலிக்கும் உலகத்தைத்தான் பெரும்பாலும் படம் எடுக்கிறோம்.

பெயின்ட் கம்பெனியில் அடித்தது இல்லை. பல வருஷங்களுக்கு முன் ஒரு முறை முழுக்க ரீபெயின்ட் ஆகியிருக்கிறது. மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சு இல்லாத ஒற்றைப் பூச்சு. ஒரு வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் வைத்து டிக்கியின் மூலையில் தேய்த்ததுமே துணி கறுத்துவிட்டது. கிளியர் கோட் இருந்தால் நிறம் வராது. அதனால் நாம் எடுக்கும் ஒவ்வொரு மைக்ரானும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நிறத்திலிருந்தே போகிறது என்பதை மனதில் வைத்தே ஆரம்பித்தோம்.

கீறல்களுக்குக் காரணம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. டிரைவர் அண்ணன் தினமும் காலையில் பனி ஈரத்தோடு இருக்கும் காரைப் பனியன் வேஸ்ட்டால் துடைப்பார். திருப்பூர் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக வரும் அந்தக் கட்டிங் துணி இஞ்சின் ஆயில் துடைக்க அருமையானது. ஆனால் அதில் தையல் ஓரமும் நூல் முடிச்சும் இருக்கும். இரவெல்லாம் படிந்த தூசு பனியில் ஊறிக் கிடக்கும்போது அதைப் போட்டுத் தேய்த்தால், மணலைச் சேர்த்துத் தேய்த்ததாகவே ஆகும். அவர் காரைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறவர். அந்த அக்கறையில் தினமும் துடைத்ததுதான் கூரை முழுக்க மெல்லிய கீறலாக நின்றது. இதற்கு மேல், எப்போதோ ஒரு கடையில் ரோட்டரி மெஷினில் உல்லன் பேடு போட்டு ரப்பிங் காம்பவுண்ட் தேய்த்த தடம் பானெட்டில் அலை அலையாக இருந்தது.

போட்டோகிராஃபரோடு பேசியது

அவர் இளைஞர். இடத்தை முன்பே பார்த்து வைத்திருந்தார். பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் பக்கம், தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு கிளைச் சாலை. கிழக்கே மரமில்லாத திறந்த வயல், மேற்கே தோப்பு. சூரியன் எழுவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் எடுக்கலாம் என்றார். கேமரா கிழக்கில் நின்று மேற்கே பார்க்கும். அப்போது கிழக்கு வானத்தின் வெளிச்சம் முழுவதும் காரின் பக்கவாட்டில் விழும்.

இது எனக்கு மிக முக்கியமான தகவல். சுழல் கீறல் எப்போது கண்ணில் குத்தும் என்றால், வெளிச்சம் ஒரு புள்ளியிலிருந்து வரும்போதுதான். கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் கிடக்கின்றன. ஆனால் சூரியனோ டார்ச்சோ பிரதிபலிக்கும் புள்ளியைச் சுற்றி, அதற்கு வட்டமாக அமைந்த கீறல்கள் மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. அதனால்தான் சிலந்தி வலை மாதிரி தெரிகிறது. விடியற்காலையில் வானம் முழுவதுமே ஒரே பெரிய விளக்கு. அந்தப் பரந்த வெளிச்சத்தில் மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் அடங்கிவிடும். இதே காரை அவர் இரவில் விளக்கைப் பிடித்து நடந்து லைட் பெயின்டிங் முறையில் எடுப்பதாக இருந்தால், நான் வேலையை வேறு மாதிரி திட்டமிட்டிருப்பேன். ஒவ்வொரு கீறலையும் துரத்த வேண்டியிருக்கும்.

ஆனால் பரந்த வெளிச்சம் இன்னொன்றைக் காட்டிக்கொடுக்கும். அது தகட்டின் மேடு பள்ளம். அடிவானக் கோடு கதவில் நேராக ஓட வேண்டிய இடத்தில் நெளிந்தால் எந்தப் பாலிஷாலும் சரி செய்ய முடியாது. அதனால் பட்டறையின் விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு நீளமான எல்இடி டியூப்பைக் காரின் பக்கவாட்டுக்கு இணையாகப் பிடித்துக்கொண்டு, அதன் பிம்பத்தை முன்னிலிருந்து பின்வரை பார்த்துக்கொண்டே போனோம். வலது பக்கத்தில் கோடு கிட்டத்தட்ட அறுபடாமல் போனது. இடது முன் ஃபெண்டருக்கு வந்ததும் கோடு உடைந்து, வளைந்து, மறுபடி சேர்ந்தது. பெயின்ட் கனத்தை அளக்கும் மைக்ரான் மீட்டரை வைத்தால் 700க்கு மேல் காட்டியது. இன்றைய கார்களில் கம்பெனி பெயின்ட் மொத்தமே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான். இடது ஃபெண்டரில் பெயின்டுக்கு அடியில் கனமாகப் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பசை, இருக்கிறது. எப்போதோ அடிபட்டு, டிங்கர் தட்டிப் பாதி எடுத்து, மீதியைப் பட்டியால் நிரப்பியிருக்கிறார்.

போட்டோகிராஃபரின் வரைபடத்தில் கேமராவுக்குத் தெரிவது இடது பக்கம். அவரைக் கூப்பிட்டு டியூப் பிம்பத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். "அப்படின்னா வண்டிய வடக்குப் பாக்கத் திருப்பி நிறுத்திக்கலாங்ணா, ரைட் சைடே வரட்டும்" என்றார். அந்த ஒரு முடிவு, ஃபெண்டரை உடைத்துப் பட்டி எடுத்து மறுபடி பெயின்ட் அடிக்கும் பெரிய செலவைத் தவிர்த்தது. டீடெய்லரும் போட்டோகிராஃபரும் படப்பிடிப்பன்று காலையில்தான் முதல்முறை சந்திப்பது இங்கே சாதாரணமாக நடக்கிறது. அது மாற வேண்டும். காரின் எந்தப் பக்கம் கேமராவைப் பார்க்கும் என்பதை, மீட்டர் பிடித்தவரும் கேமரா பிடித்தவரும் ஒன்றாக நின்று முடிவு செய்ய வேண்டும்.

தண்ணீர், களிமண், பாலிஷ்

எங்கள் பட்டறையில் இருப்பது போர் தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் காரைக் கழுவினால் அவ்வளவாகத் திட்டு நிற்காது. போர் தண்ணீரில் கழுவிக் கறுப்புக் காரைக் காய விட்டால் சொட்டுச் சொட்டாக வெள்ளை வட்டம் நிற்கும். கால்சியம் உப்புதான் காரணம். இந்தக் காரின் பின் கண்ணாடியிலும் டிக்கியிலும் பல வருஷத்து வட்டங்கள் இருந்தன. நீர்த்த வினிகரில் ஊறிய துணியைச் சற்று நேரம் போட்டு வைத்ததில் பாதி போனது. பெயின்டை அரித்து உள்ளே இறங்கியிருந்தவை பாலிஷுக்குக் காத்திருந்தன.

கழுவியது வழக்கமான முறைதான்: நுரை, இரண்டு வாளி, மேலிருந்து கீழ். கடைசி அலசல் மட்டும் அயனி நீக்கிய, அதாவது உப்புகளை எடுத்துவிட்ட, தண்ணீரில். அது காய்ந்தாலும் தடம் விடாது. இரும்புத் துகள் கரைக்கும் திரவத்தை வீல் பக்கம் அடித்தபோது ஊதா நிறம் வழிந்தது. கதவுகளில் அவ்வளவாக இல்லை. அப்புறம் ஒட்டிய அழுக்கைப் பிடித்து எடுக்கும் களிமண் கட்டியான கிளே பாரை நன்றாக வழுக்கும் திரவத்தோடு ஓட்டினோம். ஒற்றைப் பூச்சுப் பெயின்டில் கிளேயும் கொஞ்சம் கறுக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

மைக்ரான் மீட்டரின் கணக்கு பேனலுக்குப் பேனல் மாறியது. பானெட்டில் 180 முதல் 220 வரை. வலது கதவுகளில் கிட்டத்தட்ட அதே அளவு. கூரையில் சில இடங்களில் 90 தான். கூரையில் மெஷினே வைப்பதில்லை என்று அப்போதே தீர்மானித்தோம். கேமரா இடுப்பு உயரத்தில் நிற்கப்போகிறது, கூரை ஒரு மெல்லிய பட்டையாகத்தான் தெரியும். அங்கே கையால் கிளேஸ் தடவினால் போதும். கிளேஸ் கீறலை நீக்காது, நிரப்பி மறைக்கும். சில முறை கழுவினால் போய்விடும். விற்பனைக்குப் போகும் காரில் வாங்குகிறவருக்குச் சொல்லாமல் இதைச் செய்வதை நான் ஏற்பதில்லை. இங்கே உரிமையாளருக்குத் தெரியும், படத்துக்காகத்தான் என்பதும் தெரியும்.

மெஷின் வேலை முழுவதும் பானெட், வலது ஃபெண்டர், வலது கதவுகள், பின் ஃபெண்டர் இவற்றுக்கே போனது. குரோம் பீடிங், ரப்பர், பானெட் நடுவில் ஓடும் மேட்டு விளிம்பு எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டினோம். விளிம்புகளில் பெயின்ட் எப்போதும் மெல்லிசாக இருக்கும், பேடு அங்கே ஒரு நொடி நின்றாலும் பிரைமர் தெரிந்துவிடும். சுழன்றுகொண்டே ஊசலாடும் டூயல் ஆக்‌ஷன் மெஷினில் நடுத்தர பாலிஷும் ஃபோம் பேடும் போட்டு முதல் சுற்று, மென்மையான பேடும் நுண் பாலிஷும் போட்டு இரண்டாவது சுற்று. பேடு சட்டென்று கறுத்து அடைத்துக்கொள்வதால் அடிக்கடி பிரஷ் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அடைத்த பேடு வெட்டாது, சூட்டைத்தான் ஏற்றும்.

ஒவ்வொரு பேனல் முடிந்ததும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் கலந்த தண்ணீரால் துடைத்து எண்ணெய்ப் பசையை எடுத்த பிறகே பார்த்தோம். எண்ணெய் இருக்கும்வரை எந்தக் கறுப்பும் அழகாகத்தான் இருக்கும். பானெட்டில் ரோட்டரி விட்ட அலைத் தடம் முழுவதும் போனது. ஆழமான சில கீறல்களை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். அவற்றைத் துரத்தினால் பெயின்ட் மிஞ்சாது, பரந்த வெளிச்சத்தில் அவை பிரச்சினையும் செய்யாது. கடைசியில் கார்னாபா மெழுகு. நீண்ட நாள் நிற்கும் செராமிக் கோட்டிங் போடலாமே என்று வீட்டு இளையவர் கேட்டார். படத்துக்கு அது தேவையில்லை. பட்டி நிரப்பிய ஃபெண்டர் எப்படியும் ஒருநாள் உடைத்துச் செய்யப்படப் போகிறது என்பதால் பணத்துக்கும் நஷ்டம் என்று சொல்லிவிட்டேன்.

பளபளப்பு வேண்டாத இடங்கள்

கார் டெலிவரிக்குப் போகும்போது டயரைக் கறுப்பாக மின்னச் செய்வது எல்லாக் கடையிலும் உள்ள பழக்கம். கேமராவுக்கு அது ஆகாது. சிலிக்கான் எண்ணெய் தடவிய டயர் வானத்தைப் பிரதிபலித்து நீல நிறத்தில் மின்னும், ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். இந்த டயர்கள் பழுப்பேறி இருந்தன. ரப்பர் வெடிக்காமல் இருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் மெல்ல வெளியே கசிந்து காற்றில் பழுப்பாவதுதான் அது. கிளீனரும் கடினமான பிரஷும் போட்டு நுரை வெள்ளையாக வரும்வரை தேய்த்தோம். தண்ணீர் அடிப்படையிலான மேட் டிரெஸ்ஸிங்கை மெல்லிசாகத் தடவி உடனே துணியால் ஒற்றி எடுத்தோம். புது டயரின் நிறம் வந்தது, மினுக்கம் வரவில்லை. வீல் ஆர்ச்சின் உட்புறச் செம்மண்ணையும் எடுத்தோம். காரில் யாரும் அங்கே குனிந்து பார்ப்பதில்லை, தாழ்வாக நிற்கும் கேமரா நேராக அங்கேதான் பார்க்கும்.

டேஷ்போர்டிலும் இதே கதை. மினுக்கினால் முன் கண்ணாடியில் வெள்ளையாக அடிக்கும். கண்ணாடியின் உட்புறத்தில் ரெக்ஸினும் பிளாஸ்டிக்கும் வெயிலில் விடும் ஆவி படிந்து மங்கலான படலம் இருக்கும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் படத்தில் மூடுபனி மாதிரி நிற்பது இதுதான். சீட்டின் பிளாஸ்டிக் உறை, பின் கண்ணாடி ஸ்டிக்கர், முன்னால் தொங்கிய எலுமிச்சை மிளகாய், கண்ணாடியில் கட்டிய கயிறு எல்லாம் எடுக்க வேண்டும். இதையெல்லாம் நாமாகக் கழற்றிவிடக் கூடாது, வீட்டுப் பெரியவரிடம் கேட்க வேண்டும். கேட்டேன். "எல்லாத்தையும் எடுத்துக்கங்க தம்பி. பிள்ளையார மட்டும் எடுக்க வேண்டாம். அப்பா வெச்சது" என்றார். டேஷ்போர்டு நடுவில் சின்ன வெள்ளைப் பளிங்குப் பிள்ளையார். அவரைச் சுற்றிக் கறுப்பு வெல்வெட் துணியை விரித்து, கண்ணாடியில் வேறெதுவும் பிரதிபலிக்காமல் செய்தோம்.

குரோமில் துரு புள்ளி புள்ளியாக இருந்தது. அலுமினியத் தாளைக் கசக்கி நனைத்துத் தேய்த்தால் மேல்துரு போகிறது, குரோமை அது கீறுவதில்லை. அரித்த குழிகள் அப்படியேதான் இருக்கும். பம்பரின் நடுப்பகுதி நன்றாக வந்தது, ஓரத்துக் குழிகளை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்வதாகப் போட்டோகிராஃபர் சொன்னார்.

விடியற்காலை

தை மாதம் என்பதால் காற்றுத் தொல்லை இல்லை. ஆடியில் இதே இடத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது துடைத்த காரில் ஐந்து நிமிடத்தில் தூசு படியும். தையில் எதிரி பனி. தெளிவான வானத்தின் கீழ் நிற்கும் தகடு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகும், உடனே ஈரம் பிடிக்கும். மேலே பார்த்திருக்கும் கூரையும் டிக்கியும்தான் முதலில் நனையும். கதவுகளில் தாமதமாகவே பிடிக்கும்.

இரவே காரைக் கொண்டுபோய் நிறுத்தலாம் என்று ஒரு யோசனை இருந்தது. நான் வேண்டாம் என்றேன். பக்கத்து ஊரில் ஒரு வீட்டுப் போர்டிகோவில் வைத்து, இருட்டில் மெதுவாக ஓட்டி வந்தோம். இஞ்சின் சூட்டில் பானெட்டில் பனி பிடிக்கவே இல்லை. கூரையில் பிடித்தது. பேட்டரி புளோயரால் ஊதி, மீதியைத் திரவம் தெளித்துக் கனமான மைக்ரோஃபைபரால் ஒற்றி எடுத்தோம். தேய்க்கவில்லை. டிரைவர் அண்ணன் பழக்க தோஷத்தில் வேஸ்ட்டோடு வந்தார். அவர் கையில் அந்த மைக்ரோஃபைபரைக் கொடுத்து எப்படி ஒற்றுவது என்று காட்டினேன். அன்று காலை முழுக்கக் கூரையை அவர்தான் கவனித்தார்.

காரை இடத்தில் நிறுத்திய பிறகுதான் சாலையை நனைத்தோம். முதலில் நனைத்துவிட்டுக் காரை நகர்த்தினால் டயரில் சேறு ஏறிவிடும். காய்ந்த தார்ச்சாலை சாம்பல் நிறத்தில் இருக்கும். அதுவும் ஓரத்துச் செம்மண்ணும் சேர்ந்து கதவின் கீழ்ப்பாதியில் வெளுத்துத் தெரிந்தன. நனைத்ததும் தார் கறுத்து, காரின் கீழ்ப்பாதியும் ஆழமான கறுப்பானது. பக்கத்தில் பார்த்தபோது இது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை மெஷின் வேலை கொடுத்த ஆழத்துக்கு நிகராக இரண்டு குடம் தண்ணீர் கொடுத்தது.

முன் சக்கரங்களைக் கொஞ்சம் திருப்பி, வீலின் முகம் கேமராவைப் பார்க்கும்படி வைத்தோம். வீல் நடுவில் இருக்கும் மூடிகளான ஹப் கேப்புகளைக் கழற்றி எழுத்து நேராக வரும்படி மாட்டினோம். அவை அழுத்தி மாட்டுபவை என்பதால் காரை உருட்ட வேண்டியதில்லை. எல்லோரும் கறுப்பு அல்லது கருநீலச் சட்டை போட்டு வரச் சொல்லியிருந்தோம். மஞ்சள் சட்டை ஒன்று இருந்தால் ஃபெண்டரில் மஞ்சள் புள்ளி விழும்.

லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கண்ணாடியிலும் பெயின்டிலும் வரும் பிரதிபலிப்பை அது வெட்டும். கண்ணாடியில், அதன் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 56 டிகிரி கோணத்தில் கிட்டத்தட்ட முழுமையாக வெட்டும். குரோமில் அது வேலை செய்யாது, உலோகத்தின் பிரதிபலிப்பு அப்படியே நிற்கும். அதனால் பம்பரிலும் ஹப் கேப்பிலும் டிரைபாடு தெரியத்தான் செய்தது. போட்டோகிராஃபர் டைமர் வைத்துவிட்டு விலகிப்போனார், டிரைபாடை மட்டும் பிறகு அழித்தார். இன்னொரு விஷயம், பின் கண்ணாடி டஃபன்ட் கண்ணாடி. போலரைசரைத் திருப்பும்போது அதில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் தோன்றின. கண்ணாடியைச் சூடாக்கிச் சட்டென்று குளிர வைக்கும்போது உள்ளே நிற்கும் அழுத்தத்தின் தடம் அது, அழுக்கு இல்லை. எங்கள் பையன் ஒருவன் துணியோடு ஓடினான், நிறுத்தினேன். போட்டோகிராஃபர் ஒரே ஃபிரேமைப் போலரைசரின் வேறு வேறு நிலைகளில் எடுத்தார். முன் கண்ணாடிக்கு ஒன்று, கதவுகளுக்கு ஒன்று, பின் கண்ணாடிக்கு ஒன்று. கம்ப்யூட்டரில் மூன்றையும் சேர்த்தார். முன் கண்ணாடி வழியாகப் பிள்ளையார் தெளிவாகத் தெரிகிறார்.

சூரியன் எழுந்து முதல் நேர்வெயில் பானெட்டில் விழுந்ததும் விட்டுவைத்த ஆழமான கீறல்கள் கண்ணில் பட்டன. அதற்குள் தேவையான படங்கள் முடிந்திருந்தன.

படம்

இரண்டு பக்க விரிப்பில் கிழக்கு அடிவானம் வலது ஃபெண்டரில் ஏறி, கதவுக் கைப்பிடிக்குக் கீழே ஒரே கோடாக ஓடிப் பின் ஃபெண்டரில் இறங்குகிறது. அந்தக் கோட்டுக்கு மேலே வெளிர் ஆரஞ்சு, கீழே கறுப்பு. காரின் உருவத்தை வரைந்து காட்டுவது அந்தக் கோடுதான். எனக்குத் திருப்தியில்லாதது முன் கண்ணாடியில் வைப்பர் கீறிய வளைவு. கண்ணாடிக்குப் பாலிஷ் போடும் சீரியம் ஆக்ஸைடு பொடியால் தேய்த்துப் பார்த்தோம், குறைந்தது, போகவில்லை. இன்னும் தேய்த்தால் கண்ணாடியின் வழியாகப் பார்க்கும் பார்வை நெளியும். டிரைவர் சாலையைப் பார்க்கும் இடத்தில் அப்படி ஆவது ஆபத்து. பெரிய அச்சில் தேடினால் அந்த வளைவு தெரியும்.

காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் கூரையின் கிளேஸை ஆல்கஹாலால் துடைத்து எடுத்துவிட்டு மெழுகு மட்டும் போட்டோம். கூரையின் உண்மையான நிலையை உரிமையாளர் பார்க்க வேண்டும் என்பதற்காக. பேனல் வாரியாக மைக்ரான் கணக்கை ஒரு தாளில் எழுதி ஆர்சி புக்கோடு வைக்கச் சொன்னேன். இடது ஃபெண்டரை மழைக்காலத்துக்கு முன் உடைத்துப் பார்க்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டிக்கு அடியில் ஈரம் இறங்கித் துரு ஆரம்பித்திருந்தால் வெளியிலிருந்து தெரியாது. கோவை உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் அம்பாசடர் ஃபெண்டர் கிடைக்குமா என்று டிங்கர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.